ஆய்வகத்தில் உயிரை உருவாக்க முடியவில்லை என்பது எதற்குச் சான்று?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கல்லூரியில் உயிரியல் படிக்கிறார். அவருடைய அண்ணன் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர். "எல்லா வசதியும் இருந்தும், இத்தனை மேதைகள் சேர்ந்தும், ஒரு செல்லைக்கூட உருவாக்க முடியவில்லை. அது தானாக உருவானது என்று மட்டும் எப்படி நம்புகிறாய்?" என்று அண்ணன் கேட்கிறார். தம்பி பரிணாமச் சான்றுகளை அடுக்குகிறார். பேச்சு ஒவ்வொரு முறையும் கோபத்தில்தான் முடிகிறது. அண்ணனின் கேள்விக்கு அறிவியலில் என்ன பதில் இருக்கிறது, பரிணாமம் உண்மை என்றால் கடவுள் இல்லை என்று ஆகிவிடுமா, இந்த விவாதத்தைச் சண்டையில்லாமல் நடத்த முடியுமா என்று தம்பி கேட்டிருக்கிறார். இனி அவரிடமே நேராகப் பேசுகிறேன்.

அண்ணன் கேட்டது, உயிர் எப்படித் தொடங்கியது என்று. நீங்கள் சொன்ன பதில், தொடங்கிய உயிர் எப்படிப் பல்கிப் பெருகியது என்பதற்கு. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். கையில் இருக்கும் சான்றின் பலமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. இவற்றுக்குப் பின்னால் மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: எதுவுமே இல்லாமல் போகாமல் ஏன் இந்த உலகம் இருக்கிறது, இதற்கு ஒரு நோக்கம் உண்டா? நான் கவனித்தவரை, இத்தகைய விவாதங்களில் பெரும்பாலும் கோபம் வருவது ஒரு கேள்விக்கான சான்றை எடுத்து இன்னொரு கேள்வியின் மேல் வீசும்போதுதான். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பரிணாமத்தை முதலில் முடித்துவிடலாம். எல்லா உயிரினங்களும் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்து வந்தவை என்பதில் நியாயமான ஐயத்துக்கு இன்று இடமில்லை. மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. இவை எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்றால், மனித வழியில் எங்கோ இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருக்கின்றன. குரோமோசோம்களின் நுனியில் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை, மனிதனின் 2-ஆம் குரோமோசோமின் உட்பகுதியில் எதிரெதிராக முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு குரோமோசோமுக்கு ஒன்று மட்டுமே இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்) செயலிழந்துபோன இரண்டாவது ஒன்றாக இருந்த தடமும் அதே குரோமோசோமில் இருக்கிறது. அப்புறம் வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கும் அந்த மரபணு இருக்கிறது, ஆனால் உடைந்த நிலையில். குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் அது உடைந்தே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டிக்டாலிக் என்ற புதைபடிவம், ஏனென்றால் அது தேடிப் போய்க் கண்டுபிடிக்கப்பட்டது. மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட ஒன்று வாழ்ந்திருந்தால் அது சுமார் 37.5 கோடி ஆண்டுப் பாறைகளில் இருக்க வேண்டும் என்று நீல் ஷூபின் குழுவினர் கணக்கிட்டார்கள். அந்த வயதுள்ள பாறைகள் வெளியே தெரியும் இடம் கனடாவின் வடதுருவப் பகுதியில், எல்ஸ்மியர் தீவில் இருந்தது. பல கோடைகாலங்கள் அங்கே போய்த் தோண்டினார்கள். 2004-இல் கிடைத்தது: செதிலும் துடுப்பும் உள்ள உயிரி, ஆனால் கழுத்து உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டைப் போன்ற எலும்புகள் உண்டு. ஒரு கோட்பாடு 'இந்த இடத்தில், இந்த வயதில், இப்படி ஒன்று கிடைக்கும்' என்று முன்கூட்டிச் சொல்லி, அது கிடைக்கவும் செய்தால், அதை வெறும் ஊகம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் இவை எதுவும் அண்ணனின் கேள்விக்குப் பதில் ஆகாது. இயற்கைத் தேர்வு வேலை செய்ய வேண்டுமென்றால், தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த முதல் ஒன்று எப்படி வந்தது என்றுதான் அவர் கேட்கிறார்.

இங்கே அவர் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். உயிரற்ற வேதிப்பொருள்களில் தொடங்கி உயிருள்ள ஒரு செல்லை இதுவரை யாரும் உருவாக்கியதில்லை. 2010-இல் கிரெய்க் வென்டர் குழு செய்ததைச் சிலர் பதிலாகக் காட்டுவார்கள். அவர்கள் ஒரு பாக்டீரியாவின் முழு மரபுத்தொகுதியையும் வேதிமுறையில் எழுதி, உயிரோடு இருந்த வேறொரு பாக்டீரியாவின் செல்லுக்குள் செலுத்தினார்கள். பிரமிக்க வைக்கும் சாதனைதான். ஆனால் செல் ஏற்கெனவே அங்கே இருந்தது. இதை 'அறிவியல் உயிரைப் படைத்துவிட்டது' என்று காட்டினால் அண்ணன் மறுப்பார், அந்த மறுப்பு சரியாகவும் இருக்கும்.

அப்படியானால் இதுவரை என்னதான் தெரியும்? நிறையத் தெரியும். 1952-இல் ஷிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆராய்ச்சி மாணவர், தன் ஆசிரியர் ஹெரால்டு யூரியின் வழிகாட்டலில், மூடிய கண்ணாடிக் கருவிக்குள் நீர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் நான்கையும் வைத்து மின்பொறி பாய்ச்சினார். நீர் கொதித்து ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி சுழன்றுகொண்டே இருந்தது. சில நாட்களில் நீர் நிறம் மாறியது. அதில் புரதங்களின் செங்கற்களான அமினோ அமிலங்கள் (கிளைசின், அலனின் போன்றவை) இருந்தன. 1953-இல் முடிவு வெளியானது. மில்லர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய குப்பிகளை, அவர் இறந்த பிறகு, அவருடைய மாணவர் ஜெஃப்ரி பாடாவின் குழு நவீனக் கருவிகளால் ஆராய்ந்தது. எரிமலைச் சூழலை ஒத்த ஒரு சோதனையின் எச்சத்தில் 22 அமினோ அமிலங்கள் இருப்பது 2008-இல் வெளியானது.

இந்தச் சோதனைக்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. ஆதி பூமியின் வளிமண்டலத்தில் மீத்தேனும் அம்மோனியாவும் மில்லர் நினைத்த அளவுக்கு இருந்திருக்காது, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் அதிகம் இருந்திருக்கும் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. அண்ணன் இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில் விழுந்த விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து எடுத்த மண் 2023-இல் பூமிக்கு வந்து சேர்ந்தது. நம் புரதங்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-உம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்துகளாக இருக்கும் ஐந்து காரங்களும் அதில் இருப்பது 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. உயிரே இல்லாத ஒரு பாறையில், யாரும் திட்டமிட்டு நடத்தாத வேதிவினைகளில் இவை உருவாகியிருக்கின்றன. எனவே உயிரின் மூலப்பொருள்கள் தானாக உண்டாகுமா என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று. உண்டாகும்.

செங்கல் கிடைத்தால் வீடு கிடைத்துவிடாது, சரிதான். அடுத்த சிக்கல் பல ஆண்டுகள் எல்லோரையும் குழப்பிய ஒன்று. டி.என்.ஏ. தன்னைப் பிரதி எடுக்கப் புரதங்கள் வேண்டும். புரதங்களைச் செய்ய டி.என்.ஏ.வில் உள்ள தகவல் வேண்டும். எது முதலில் வந்திருக்க முடியும்? 1980-களின் தொடக்கத்தில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இந்த முடிச்சைத் தளர்த்தியது: ஆர்.என்.ஏ. தகவலையும் சுமக்கும், நொதியைப் போல வேதிவினையையும் நடத்தும். 1989-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புரதமும் டி.என்.ஏ.வும் வருவதற்கு முன் இரண்டு வேலைகளையும் ஆர்.என்.ஏ. பார்த்த ஒரு காலம் இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு அதனால் வலு கூடியது.

இதற்குக் கிடைத்த மிக அழகான சான்று நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. புரதங்களைக் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் நுண் அமைப்பு 2000-ஆம் ஆண்டு வாக்கில் தெளிவானது. அந்த வேலைக்காக வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் 2009-இல் நோபல் பெற்றார்கள். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் அந்த மைய இடத்தில் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. புரதம் அல்ல. பூமியில் உள்ள எல்லாப் புரதங்களையும் செய்யும் இயந்திரத்தின் இதயம் ஆர்.என்.ஏ.வாக இருப்பது, அந்தப் பழங்காலத்தின் எச்சம் என்று கொண்டால் இயல்பாகப் புரிகிறது.

அந்த ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் முதலில் எப்படி வந்தன? ஒவ்வொரு எழுத்திலும் ஒரு காரம் ஒரு சர்க்கரையோடு இணைந்திருக்கிறது. அந்தச் சர்க்கரையையும் காரத்தையும் தனித்தனியாகச் செய்து ஒட்டப் பல பத்தாண்டுகள் முயன்றும் சரிவரவில்லை. 2009-இல் ஜான் சதர்லாண்ட் குழு வேறு வழியில் போனது. சர்க்கரையும் காரமும் தனித்தனியாக உருவாகி நிற்கும் கட்டத்தையே தவிர்த்துவிட்டு, எளிய பொருள்களிலிருந்து நான்கு எழுத்துகளில் இரண்டை உருவாக்கிக் காட்டியது. இன்னொரு பக்கம், கொழுப்பு அமிலங்கள் நீரில் தாமாகவே சிறு குமிழிகளாகக் கூடுவதும், அவை வளர்ந்து பிரிவதும் ஜாக் ஷோஸ்டக் ஆய்வகத்திலும் பிற ஆய்வகங்களிலும் காட்டப்பட்டிருக்கின்றன.

எந்த இடத்தில் தொடங்கியது என்பதில் ஆய்வாளர்கள் இரு அணியாக நிற்கிறார்கள். ஒரு தரப்பு, நனைவதும் உலர்வதுமாக இருந்த நிலத்துக் குட்டைகள் என்கிறது; உலரும்போதுதான் மூலக்கூறுகள் செறிந்து சங்கிலியாக இணையும், நீரிலேயே கிடந்தால் ஆர்.என்.ஏ. சிதையும் என்பது அவர்கள் வாதம். மற்றத் தரப்பு, கடலடி வெந்நீர் ஊற்றுகள் என்கிறது. 2000-இல் அட்லாண்டிக் கடலடியில் கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' ஊற்றுகளின் காரத்தன்மையுள்ள நீர் வெளியே உள்ள கடல்நீரைச் சந்திக்கும் இடத்தில் இயற்கையாகவே ஒரு புரோட்டான் வேறுபாடு (ஒரு பக்கம் ஹைட்ரஜன் அயனிகள் அதிகம், மறுபக்கம் குறைவு என்ற நிலை) உண்டாகிறது. இன்றைய செல்களும் ஆற்றல் பெற அதே வகை வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகின்றன. இந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.

தீராதவை வேறு பலவும் உண்டு. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு, நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை என்ற இரு வடிவங்கள் உண்டு. உயிரினங்களின் புரதங்கள் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. மில்லரின் சோதனையில் இடக்கையும் வலக்கையும் சம அளவில் வந்தன. சில விண்கற்களில் இடக்கை சற்றுக் கூடுதலாக இருந்ததால், அந்தச் சாய்வு விண்வெளியிலிருந்தே வந்திருக்கலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பென்னு மண்ணில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தது அந்த எண்ணத்துக்கு ஒரு பின்னடைவு. மரபணுவின் எழுத்துகளை அமினோ அமிலங்களாகப் பெயர்க்கும் மரபுக் குறியீடு எப்படி நிலைபெற்றது என்பதும் திறந்த கேள்விதான். வெளி உதவி எதுவும் இல்லாமல், தனி எழுத்துகளிலிருந்து தன்னை முழுதாகத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொள்ளும் ஆர்.என்.ஏ. இன்னும் நிறுவப்படவில்லை. இன்னொரு தடையும் இருக்கிறது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் சுமார் 348 கோடி ஆண்டுப் பாறைகளிலேயே நுண்ணுயிர்ப் படிமங்களின் தடம் இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்துப் பாறைகள் பெரும்பாலும் உருகியும் சிதைந்தும் போய்விட்டன. எனவே உயிர் தோன்றக்கூடிய ஒரு வழியை ஆய்வகத்தில் நாளை முழுதாகக் காட்டினாலும், பூமியில் நடந்தது அதே வழியில்தான் என்று சொல்வது கடினமாகவே இருக்கும்.

என் சொந்தக் கணிப்பையும் மறைக்காமல் சொல்கிறேன்: விடை வேதியியலில்தான் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். உயிர்ப்பொருள்களை உயிர்ச்சக்தி இல்லாமல் செய்ய முடியாது என்ற கருத்து வலுவாக இருந்த காலத்தில், 1828-இல் ஃப்ரீட்ரிக் வோலர், சிறுநீரில் இருக்கும் யூரியாவை ஆய்வகத்தில் செய்தார். அதிலிருந்து இன்றுவரை 'இது முடியவே முடியாது' என்று போடப்பட்ட வேலிகள் பல ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்திருக்கின்றன. ஆனால் இது எதிர்பார்ப்பு மட்டுமே, நிரூபணம் அல்ல. இந்த வேறுபாட்டை அண்ணனிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

இனி அவர் கொண்டுவரக்கூடிய வாதங்கள். அதிகம் கேட்பது நிகழ்தகவு வாதம். வானியலாளர் ஃப்ரெட் ஹாயல், ஒரு செல்லுக்கு வேண்டிய நொதிகள் அனைத்தும் தற்செயலாகச் சேரும் வாய்ப்பு, 1-க்குப் பின் 40,000 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார். பழைய இரும்புக் கிடங்கில் சுழல்காற்று அடித்து விமானம் உருவாவது போல என்றும் சொன்னார். (அவர் எந்த மத நூலுக்காகவும் இதைச் சொல்லவில்லை, உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்பது அவர் கட்சி.) கணக்கில் கூட்டல் பெருக்கல் தவறு இல்லை. ஆனால் முழு செல் ஒரே வீச்சில் தற்செயலாகச் சேர்ந்தது என்று இந்தத் துறையில் யாருமே சொல்லவில்லை. சொல்லப்படுவது, சிறியதாக, மோசமாகப் பிரதி எடுக்கும் ஒன்று முதலில் வந்து, இயற்கைத் தேர்வு அதன் மேல் வேலை செய்தது என்பதுதான். 1993-இல் டேவிட் பார்ட்டெலும் ஷோஸ்டக்கும் சுமார் ஆயிரம் லட்சம் கோடி ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை, வரிசை எதையும் திட்டமிடாமல் தற்செயலாகச் செய்து, அவற்றில் ஒரு குறிப்பிட்ட வினையை நடத்துபவற்றை மட்டும் சுற்றுச் சுற்றாக வடிகட்டினார்கள். அந்தக் குவியலில் வேலை செய்யும் மூலக்கூறுகள் இருந்தன; சுற்றுகள் போகப் போக அவற்றின் திறனும் கூடியது. தற்செயலான வரிசைகளுக்குள் செயல்திறன் இவ்வளவு அரிதல்ல என்று தெரிந்த பிறகு ஹாயலின் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவதில் பொருளில்லை.

பாஸ்டர் அடுத்தவர். உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று லூயி பாஸ்டர் நிரூபித்துவிட்டாரே என்பார்கள். 1860-களின் தொடக்கத்தில் அவர் காட்டியது, கொதிக்க வைத்த சாற்றில் வெளித்தூசு நுழையாவிட்டால் நுண்ணுயிர்கள் தோன்றுவதில்லை என்பதை. குடுவைக்குள் சில நாட்களிலும் மாதங்களிலும் முழு நுண்ணுயிர் தோன்றாது என்பதற்கு அது அருமையான சான்று. ஆக்சிஜன் இல்லாத ஒரு கோளில், கோடிக்கணக்கான ஆண்டுகளில், நுண்ணுயிரைவிடப் பல மடங்கு எளிய ஒன்று தோன்றுமா என்பதை அந்தக் குடுவை சோதிக்கவில்லை. அப்படியானால் இப்போது ஏன் புதிதாகத் தோன்றுவதில்லை? டார்வின் 1871-இல் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: இன்று அப்படி ஒரு பொருள் உருவானால், ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் அதை உடனே விழுங்கிவிடும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதைத் தடுக்கிறது என்பவருக்கு ஒரு வரி போதும்: பூமி வெளியிலிருந்து ஆற்றலே வராத தனித்த அமைப்பு அல்ல, சூரியனிடமிருந்து ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது.

"அப்போது நீ இருந்து பார்த்தாயா?" என்ற கேள்விக்கு அழகான பதிலை நம் மொழியிலேயே காணலாம். மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களை மணிமேகலை கேட்கும் பகுதி ஒன்று உண்டு. அவர்களில் பூதவாதியும் ஒருவன். சில பொருள்கள் சேரும்போது கள்ளின் வெறி பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்பது அவன் வாதம். கண்ணால் கண்டதைத் தவிர அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்றும் சொல்கிறான். அதற்கு அவள், உன் தாயையும் தந்தையையும் அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். அங்கே அனுமானத்துக்காகப் பேசுபவள் சமயத்தின் பக்கம் நிற்பவள், அதை மறுப்பவன் பொருள்முதல்வாதி. இன்றைய விவாதத்தில் இடம் மாறியிருக்கிறது, கேள்வியின் கூர்மை அப்படியேதான் இருக்கிறது. யாரும் நேரில் பார்க்காத நிகழ்ச்சியை அது விட்டுச்சென்ற தடயங்களிலிருந்து அறிவது முறையான அறிவுதான். நிலவியலும் வானியலும் குற்றப் புலனாய்வும் அதன் மேல்தான் நிற்கின்றன.

வடிவமைப்பு வாதமும் வரும்: பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற கசையிழை மாதிரியான இயந்திரத்தில் ஒரு பாகத்தை எடுத்தாலும் வேலை செய்யாது, ஆகவே படிப்படியாக வந்திருக்க முடியாது என்று. இது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் பள்ளி வழக்கில் நீதிமன்றத்திலேயே அலசப்பட்டது. கசையிழையின் அடிப்பகுதியை ஒத்த பல புரதங்கள், வேறு பாக்டீரியாக்களில் நச்சைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்கின்றன என்பது அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. அறிவார்ந்த வடிவமைப்பு என்பது அறிவியல் அல்ல என்று 2005 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தத் தரப்புக்கு எதிராக முக்கிய சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்க விசுவாசி.

இப்போது கடவுள் பற்றிய கேள்வி. 'அறிவியலுக்கு இன்னும் தெரியவில்லை, ஆகவே கடவுள்' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தெரியாமல் இருப்பது, நமக்குத் தெரியவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. இந்த வாதம் அறிவியலைவிட நம்பிக்கைக்குத்தான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் ஒரு பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலும், அது ஆதி அணு ஒன்றிலிருந்து தொடங்கியது என்று 1931-இலும் முன்வைத்த ஜார்ஜ் லெமைத்ர், கத்தோலிக்கக் குருவாக வாழ்ந்தவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர், இந்த ஆய்வுகள் படைப்பை உறுதிப்படுத்துகின்றன என்ற பொருளில் பேசினார். லெமைத்ருக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலை. நாளை மாறக்கூடிய ஒரு கோட்பாட்டின் மேல் கடவுளை உட்கார வைக்க அவர் விரும்பவில்லை. கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினும், இயற்கையைப் பற்றி அறியாமல் வேதத்தின் பெயரால் பேசினால், அறிந்தவர்கள் வேதத்தையே எள்ளுவார்கள் என்று தன் மதத்தாரை எச்சரித்திருக்கிறார்.

பரிணாமம் கடவுள் இல்லை என்று நிரூபிக்கிறதா? சில குறிப்பிட்ட கூற்றுகளை அது பொய் என்று காட்டுகிறது. பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது, ஒவ்வொரு உயிரினமும் தனித்தனியாக இன்றைய வடிவிலேயே உண்டாக்கப்பட்டது என்பவை சோதிக்கக்கூடிய கூற்றுகள், சோதனையில் தோற்றுவிட்டன. இதை அண்ணனுக்காக மழுப்ப வேண்டாம். இயற்கை விதிகளே ஒரு பேரறிவின் வெளிப்பாடு என்பவரை அந்தச் சோதனைகள் தொடுவதில்லை. அதற்கு எதிராக ஆய்வகத்தில் காட்ட எதுவும் இல்லை, ஆதரவாகவும் இல்லை. பரிணாமத்தை மரபியலோடு இணைத்த டோப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். மனித மரபுத்தொகுதித் திட்டத்தை வழிநடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் நம்பிக்கையாளர். இவர்கள் நம்பினார்கள் என்பதால் கடவுள் உண்டு என்று ஆகிவிடாது. பரிணாமத்தையும் இறைநம்பிக்கையையும் ஒரே மனதில் வைக்க முடியும் என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது.

பரிணாமம் நம்பிக்கையின் முன் வைக்கும் உண்மையான, கடினமான கேள்வி முதல் செல்லைப் பற்றியது அல்ல. அது வலியைப் பற்றியது. 1860-இல் டார்வின் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதினார்: உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளிருந்து அதைத் தின்று வளரும்படி ஒரு குளவி இனத்தை, அன்பும் ஆற்றலும் நிறைந்த கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகள் ஆன்னி பத்து வயதில் இறந்திருந்தாள். கிரே கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னின்று வாதாடியவர். இருவரும் இதில் உடன்படவில்லை, ஆனாலும் கடிதங்கள் நிற்கவில்லை. எத்தனை கோடி உயிர்கள் பசியிலும் நோயிலும் அழிந்த வழியில் நாம் வந்திருக்கிறோம் என்று பார்க்கும்போது, அந்தக் குளவியைப் பற்றிய கேள்விக்கு எந்த ஆய்வகமும் பதில் சொல்லப் போவதில்லை. நம்புகிறவரும் நம்பாதவரும் தாமே யோசித்தாக வேண்டும்.

அண்ணனோடு அடுத்த முறை பேசும்போது, ஆரம்பத்திலேயே "செல்லை யாரும் இன்னும் உருவாக்கவில்லை, நீங்கள் சொல்வது உண்மைதான் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். அதற்காக இத்தனை நாள் அவர் போராடிக்கொண்டிருக்கலாம். அப்புறம் இதைக் கேளுங்கள்: "நாளைக்கே ஒரு ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டால் உங்கள் நம்பிக்கை போய்விடுமா?" போகாது என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அப்படியென்றால் அவர் நம்பிக்கை அந்தத் தோல்வியின் மேல் நிற்கவில்லை, அந்த வாதம் அவருக்கே தேவையில்லை. போய்விடும் என்றால், எங்கோ ஒரு குடுவையில் நடக்கப்போகும் வினைக்கு அவர் ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்பது உங்களுக்குப் புரியும்.

அதே கேள்வியைத் திருப்பி உங்களிடமும் அவர் கேட்கலாம்: இன்னும் நூறு ஆண்டுகள் யாராலும் முடியாவிட்டால் நீ கடவுளை ஏற்றுக்கொள்வாயா? மாட்டேன் என்பது உங்கள் பதிலானால், உங்கள் நிலைப்பாடும் ஆய்வக முடிவின் மேல் நிற்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஸ்டான்லி மில்லரின் சோதனையையும் ரைபோசோமையும் பற்றி அதற்குப் பிறகு யாரையும் தோற்கடிக்கும் அவசரம் இல்லாமல் அவரோடு சேர்ந்து பேசலாம். குளவியின் கேள்வியை அவர் எடுத்தால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதைப் பற்றி அவர் உங்களைவிட அதிக நாள் யோசித்திருக்க வாய்ப்பு இருக்கிறது.